ஏறு என்று ஒரு குரல்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்தபோது விமானம் திடீரென்று மேலெழும்பியது. வயிறு அமுங்கியது. சற்று நேரத்தில் கேப்டன், இன்னொரு விமானம் நெருங்கியதால் கருவி எச்சரித்தது, அதன்படி உயரத்தை மாற்றினோம், பயமில்லை என்று அறிவித்தார். மன்னார்குடி வந்து சேரும்வரை எனக்கு ஒரே யோசனை. அனுபவம் மிக்க விமானி ஒருவர், கீழே கட்டுப்பாட்டு அறையில் இன்னொருவர். இருவரையும் மீறி ஒரு பெட்டி சொல்வதைக் கேட்பதா? மனிதன் அவ்வளவு சிறுத்துவிட்டானா?

– வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கேப்டன் செய்தது சரி. அதில் சிறுமை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெட்டியை விமானிகள் டீகாஸ் என்கிறார்கள். சுற்றிலும் பறக்கும் விமானங்களைக் கேட்டுக் கேட்டு, அவற்றின் தூரத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். முதலில் 'டிராஃபிக், டிராஃபிக்', அதாவது பக்கத்தில் விமானம் வருகிறது, என்று குரல் கொடுக்கும். அதற்கு உயரத்தை மாற்றக்கூடாது, கண்ணால் தேடத்தான் வேண்டும். இன்னும் நெருங்கி, 15 முதல் 35 விநாடிதான் மிச்சம் என்றால் ஆணை வரும்: 'கிளைம்ப், கிளைம்ப்' (ஏறு) அல்லது 'டிசெண்ட், டிசெண்ட்' (இறங்கு). 5 விநாடிக்குள் விமானம் அதற்கு இணங்கத் தொடங்கவேண்டும்.

என் தங்கை மகன் விமானி. பொங்கலுக்குக் கும்பகோணம் வந்தவன், காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டான். ஏறும் வேகத்தையும் இறங்கும் வேகத்தையும் காட்டும் கருவி அது. போகக்கூடாத பகுதிக்குச் சிவப்பு வளைவு, போகவேண்டிய இடத்துக்குப் பச்சைக் கீற்று. "முள்ளைக் கொண்டுபோய் பச்சைக்குள்ள நிறுத்தணும் மாமா. குறைச்சு இழுத்தாலும் தப்பு, பதறி அதிகமா இழுத்தாலும் தப்பு" என்றான். வழக்கமாக நிமிடத்துக்கு 1,500 அடி ஏற்றம். உங்கள் வயிறு அமுங்கியது அந்த முதல் இழுப்பில்தான்.

நீங்கள் ஒரு பெட்டி என்கிறீர்கள். இரண்டு பெட்டிகள், ஐயா. உங்கள் விமானத்தில் ஒன்று, எதிரே வந்ததில் ஒன்று. இரண்டும் ஆணையிடும்போதே தங்களுக்குள் பேசி முடிவு செய்துவிடுகின்றன: நீ மேலே, நான் கீழே.

பள்ளிக்கூட வயதில் வெண்ணாற்றங்கரையில் சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். எதிரே வைக்கோல் கட்டோடு இன்னொரு சைக்கிள். வழிவிடலாம் என்று நான் ஆற்றுப்பக்கம் ஒடித்தேன். எனக்கு வழிவிட அவரும் அதே பக்கம் ஒடித்தார். இருவரும் கரைச்சரிவில் கிடந்தோம், மேலெல்லாம் வைக்கோல். அவர் அந்தக் கரையிலேயே வளர்ந்தவர். ஆனாலும் நான் எந்தப் பக்கம் ஒடிப்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே நடந்தது இதுதான். ரஷ்ய விமானத்தில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், ஸ்பெயினுக்குப் போகிறவர்கள். குறுக்கே ஒரு சரக்கு விமானம். சூரிக் கட்டுப்பாட்டு அறையில் அன்று ஒரே ஆள் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்தைத் தாமதமாகக் கண்டு, ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதே நேரம் கருவி ஏறச் சொன்னது. துணை விமானி அதை எடுத்துச் சொன்னார். கட்டுப்பாட்டாளர் நம்மைக் கீழேதான் இறக்குகிறார் என்று பதில் வந்தது. இறங்கினார்கள். சரக்கு விமானியோ தன் கருவி சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தார். 71 பேர் போனார்கள். அந்த விபத்தின் விசாரணை அறிக்கையில் இந்த இடத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை. கட்டுப்பாட்டாளர் கெட்டவரல்ல. மேலே இரண்டு பெட்டிகளும் என்ன முடிவு செய்தன என்பது அவருக்குத் தெரியாது.

அதற்கு ஒன்றரை வருடம் முன்பே, 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் இதே குழப்பம். விமானிகள் கண்ணால் பார்த்துக் கடைசி நொடியில் விலகினார்கள். பலர் காயமடைந்தார்கள். அப்போதே உலகம் விழித்திருக்கலாம். 2003 நவம்பரில்தான் சர்வதேச விதி ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டது: கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் கருவியின் ஆணைதான் முதலில். விமானி 'டீகாஸ் ஆர்ஏ', அதாவது கருவி ஆணையிட்டுவிட்டது, என்றதும் கீழே இருப்பவர் அந்த விமானத்தின் உயரத்தையோ திசையையோ மாற்றச் சொல்லக்கூடாது.

நம் நாட்டுக்கும் இந்தப் பாடம் 349 உயிர்களோடு வந்தது. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதின. அதன் பிறகே இந்தியாவில் இந்தக் கருவி கட்டாயமானது.

கருவிக்கும் எல்லை உண்டு. தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே அது ஆணையிடாது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரோடு மோதிய பயணிகள் விமானத்துக்கு 'டிராஃபிக்' என்ற குரல் மட்டும் கேட்டது. அந்த உயரத்தில் விமானியின் கண்ணும் கட்டுப்பாட்டாளரின் கவனமும்தான் காக்கவேண்டும். 67 பேர் இறந்தார்கள். மனிதன் சிறுத்துவிட்டானா என்ற உங்கள் கேள்வியை அங்கே வைத்துப் பாருங்கள்.

உங்கள் கேப்டன் நடந்ததை மறைக்காமல் சொன்னாரே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. 'கிளியர் ஆஃப் கான்ஃப்ளிக்ட்', ஆபத்து விலகியது, என்று குரல் வந்ததும் பழைய உயரத்துக்குத் திரும்பியிருப்பார், இறங்கியதும் அறிக்கை எழுதியிருப்பார். அடுத்த முறை வாசலில் அவரைப் பார்த்தால் என் வணக்கத்தையும் சொல்லுங்கள்.