வயலில் கசிந்த எண்ணெய்: எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் எனக்கு ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நஞ்சை இருக்கிறது. அப்பா காலத்தில் அதன் நடுவே எண்ணெய்க் குழாய் பதித்தார்கள். போன மாதம் குழாய் கசிந்து, தூர் கட்டியிருந்த சம்பாப் பயிர் இரண்டு மா கருகிவிட்டது. ஒரு போக நஷ்டத்தைத் தருகிறோம், ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுங்கள் என்கிறது நிறுவனம். எழுதிக் கொடுக்கலாமா? டெல்டாதான் பாதுகாக்கப்பட்ட மண்டலம் ஆயிற்றே, குழாயையே எடுக்கச் சொல்ல முடியாதா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். முடியாது. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு விஷயத்தில் புதிதாகத் தேடுவதையும் கிணறு தோண்டி எடுப்பதையும்தான் தடுக்கிறது. ஏற்கெனவே நடப்பவற்றை அது தொடவில்லை. போதாததற்கு, விலக்குப் பட்டியலில் துறைமுகம், சாலையோடு குழாய்களும் இருக்கின்றன. மேடையில் இந்த வரியை யாரும் படித்துக் காட்டுவதில்லை.

சரி, கையெழுத்து விஷயம். அந்த வாசகத்தோடு போடாதீர்கள். உங்கள் அப்பா வாங்கியது 1962-ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படியான தொகையாக இருக்கும். பதிக்கும்போது ஆன சேதமும், நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் அதில் அடங்கும். நிலம் உங்களுடையதுதான், அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே அவர்களுக்குப் போனது. அதனால்தான் குழாய் போகும் அந்தப் பட்டையில் நீங்கள் வீடு கட்டவோ, ஆழ்துளைக் கிணறு போடவோ, மரம் நடவோ கூடாது. பழையபடி நெல் போடலாம். அந்த நெல்லே விளையாத மண்ணாக்குவதற்கு அப்பா எதையும் வாங்கவில்லை.

கருகிய பயிர் ஒரு போகத்துக் கணக்கு. மண்ணில் இறங்கிய எண்ணெய் அடுத்த நடவிலும் நிற்கலாம். பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010 பயிர்ச்சேதத்துக்கு மட்டுமல்ல, மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவுக்கும் இழப்பீடு கேட்க இடம் தருகிறது. நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை; அவர்கள் தவறு செய்யவில்லை என்றாலும் பொறுப்பு உண்டு. மனு சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வில் போட வேண்டும். சேதம் நடந்ததிலிருந்து 5 ஆண்டுகள் அவகாசம்.

அவகாசம் இருக்கிறதே என்று ஆதாரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நல்ல மழை போதும், வயலில் எண்ணெய்ப் படலமே தெரியாது. இன்றே படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இந்தப் போகத்தின் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு) நகல் வாங்குங்கள். மண்ணில் எண்ணெய்க் கலப்பைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு இரண்டு மாதிரி அனுப்புங்கள்: கசிந்த இடத்தில் ஒன்று, கசியாத மூலையில் ஒன்று. இந்த இரண்டாவதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள், அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் ‘மண்ணே முன்பிருந்தே இப்படித்தான்’ என்பார். மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் விரைவுத் தபாலில் புகார் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆத்திரத்தில் குழாய்மேல் மட்டும் மண்வெட்டி படவேண்டாம். அது சிறைக்குரிய குற்றம், உங்கள் வழக்கும் கெடும்.

கையில் பணம் இல்லாமல் அடுத்த போகம் நடக்காது என்பது எனக்குத் தெரியும். கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் ‘இந்தப் போகத்துப் பயிர்ச்சேதத்துக்கு மட்டும், மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று உங்கள் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள். அதை ஏற்க மறுத்தால், மறுத்த தேதியையும் ஆளையும் குறித்து அவர்களுக்கே ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.