ஏலக்காய் தரம் பிரிக்கும் தம்பி எதற்கெடுத்தாலும் உங்களையே கேட்பது பற்றி

அவன் கேட்டதும் பதில் சொல்வதை நாளையிலிருந்தே நிறுத்துங்கள். "நீ எதுல சேர்ப்ப? ஏன்?" என்று கேட்டுவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை காத்திருங்கள்.

ஆறு மாதமாகியும் ஏலக்காயை உங்களிடம் காட்டாமல் மூட்டை கட்ட மாட்டேன் என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். திறமைக் குறைவாக எனக்குப் படவில்லை. அவன் பிரித்து வைத்ததை யாரோ எல்லார் முன்னாலும் கிளறித் திருத்துகிறார்கள், அநேகமாக அதுதான் காரணம். போடியில் காய் பொறுக்கும் அக்காமார் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இளவயதுப் பையனுக்கு அது சுருக்கென்று தைக்கும். அப்புறம் சொந்தமாக முடிவெடுக்கவே துணிய மாட்டான். நான் பழக்கிய பையன்களில் நன்றாகத் தேறியவர்கள் எல்லாம் தனியாகக் கூப்பிட்டுத் திருத்தப்பட்டவர்கள்தான்.

ஒன்று செய்து பாருங்கள். 8 எம்.எம். சல்லடையில் கீழே விழாமல் நின்ற காயில் ஒரு லாட்டை (ஒரு குவியலை) முழுசாக அவனிடம் விட்டுவிட்டு, சாயங்காலம்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு ஒரு கைப்பிடி அள்ளி, வெடித்த காய், வெளுத்த காய் எத்தனை என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். சொற்பமாக இருந்தால் வேலை தெரிகிறது, தைரியம்தான் இல்லை. நிறைய இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் மலைமேல் ஸ்டோரில், அதாவது சூடேற்றி உலர்த்தும் கூடத்தில், காய் உலர்த்த அவனை அனுப்பினால் இந்த வழி வேண்டாம். தரம் தப்பினால் மறுபடி பொறுக்கலாம். சூடு ஏறிப் பச்சை நிறம் போய்விட்டால் கேரளத்துப் புற்றடியில் நடக்கும் ஏல விற்பனையில் விலை விழுந்ததுதான். அங்கே சூட்டை நீங்களே கூட நின்று பாருங்கள்.