வாசகர் கேள்வி - பதில்: மகன் வாங்கிய பாய்ப்படகு

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், புளோரிடாவில் வேலை செய்கிறான். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பழைய பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறான். காப்புறுதி கேட்டால், சூறாவளி வந்தால் படகை என்ன செய்வீர்கள் என்று எழுதித் தரச் சொல்கிறார்களாம். கடலைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இது நம்பக்கூடிய விஷயம்தானா? - ஒரு தாய், ஹட்டன்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, அப்படி எழுதி வாங்குவது அந்தப் பக்கத்தில் வழமைதான். அங்கே ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். கடலில் பிறந்த டித்வா புயல் 2025 நவம்பரில் நம் மலைகளையே சரித்தது. கரையோரத்தில் கட்டிக்கிடக்கும் படகின் கதியை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பண்டாரவளைக்கு வருமுன் கொழும்பில் கப்பல் காப்புறுதிப் பிரிவில்தான் வேலை செய்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தவணைப் பணம் குறைவா என்பதை மகன் கடைசியில் பார்க்கட்டும். வானிலை நிலையம் பெயர் சூட்டிய புயலால் சேதம் வந்தால் தன் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று முதலில் கேட்கட்டும். பத்து வீதம் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் சேதத்தில் பத்து வீதம் அல்ல, காப்புறுதி செய்த முழுத் தொகையில். 60,000 டொலருக்குச் செய்த படகென்றால் சேதத்தில் முதல் 6,000 டொலர் மகனும் நண்பர்களும் போடவேண்டியது. சேதம் 5,000 என்றால் ஒரு சதமும் வராது. இது தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

அப்புறம், புயல் வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதிக் கேட்கும் அந்தத் தாள். செய்ய முடிந்ததை மட்டும் எழுதவேண்டும். கரைக்கு ஏற்றுவோம் என்று எழுதிவிட்டு, புயல் வந்தபோது படகு தண்ணீரில் கிடந்தால் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. எச்சரிக்கை வந்தபிறகு படகு ஏற்றும் இடங்களில் நெரிசல்தான். இப்போதே ஒன்றில் பேசி வைக்கட்டும். ஏற்றும் செலவில் ஒரு பங்கைச் சில காப்புறுதிப் பத்திரங்கள் தருகின்றன, அதையும் கேட்கலாம். பாயைச் சுருட்டிக் கட்டினால் போதாது, கழற்றி இறக்கவேண்டும். காற்று பிரித்துவிட்டால் படகையே இழுத்துக்கொண்டு போகும். சொந்தக்காரர் மூவர் என்பதால் யார் போய்ச் செய்வது என்பதும் பெயரோடு இருக்கட்டும்.

தெற்கே எங்காவது தீவில் விட்டால் தப்பும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். புயல் அவ்வளவு தெற்கே வராது என்று நம்பி கரீபியனின் கிரெனடாத் தீவில் விட்டிருந்த படகுகளை 2004இல் ஐவன் சூறாவளி நொறுக்கியது.

படகு மூழ்கினால் உடைசலை அகற்றும் செலவும் சொந்தக்காரர் தலையில்தான் விழும். அதற்குப் படகின் பெறுமதிக்கு மேலதிகமாகத் தனித் தொகை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை பிள்ளைகளைப் பற்றித்தான். கயிறுகளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று படகிலேயே தங்கி உயிரை விட்டவர்கள் உண்டு. காற்று வரும்போது மூவரில் ஒருவரும் படகில் இருக்கக்கூடாது என்று தாய் வாயால் நீங்கள் சொல்லுங்கள், கேட்பான்.

புயல் ஒன்று நெருங்கத் தொடங்கினால் புதிய பத்திரம் எதுவும் தரமாட்டார்கள். ஆகவே மே மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்கச் சொல்லுங்கள், அம்மா.