பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து வாடகைக்கு விட நினைக்கிறேன், முதல் முறை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

12 லட்சம் சேமிப்பு இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்கி ஒரு பழைய வீட்டை முடித்துவிட்டால் வாடகையிலேயே தவணை கட்டிவிடலாமா, வீட்டைப் புதுப்பிக்கும்போது எதை முதலில் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்களைப் போலத்தான் தொடங்கினேன், அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

2018 ஆவணியில் திருச்சி உறையூரில் ஒரு வீடு வாங்கினேன். கீழே ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன், கட்டி முப்பது வருடம் தாண்டிய வீடு. எனக்கு ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு வேலை. கட்டட வேலை பற்றி அதுவரை ஒன்றும் தெரியாது. இப்போது யார் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன். அந்த வீட்டில் தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது, எங்கே போகாமல் நிற்கிறது என்று தெரியும்வரை ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள்.

நான் அதைத் தலைகீழாகச் செய்தேன். பத்திரம் பதிந்த கையோடு பெயின்டரை வரச் சொல்லி, வீடு முழுக்கப் பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்து, 42,000 ரூபாய் கொடுத்தேன். வீடு பளிச்சென்று இருந்தது. கஜா புயல் வந்த அந்த நவம்பர் மழையில் மாடி அடுப்படிக் கூரையில் தட்டு அளவுக்கு ஒரு ஈரத் திட்டு தெரிந்தது. மறுநாள் அது முறமளவு ஆனது. விற்றவர் எங்களுக்குக் காட்டுவதற்குச் சில வாரம் முன்புதான் கூரைக்கு மட்டும் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார். சுவரெல்லாம் பழசாக இருக்க, கூரை மட்டும் ஏன் புதிதாக இருக்கிறது என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும்.

தெரிந்தவர் ஒருவர் வயதான மேஸ்திரி ஒருவரை அனுப்பினார். அவர் ஸ்டூலில் ஏறி, சுத்தியலின் கைப்பிடியால் கூரையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்டது. ஈரத்துக்கு இரண்டடி முன்னாலேயே சத்தம் 'பொத்' என்று மாறியது. "அம்மா, தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு உளியை ஒரு தரம் வைத்தார். காரை பலகை போலப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி செங்கல் நிறத்தில் ஊதிப்போய் இருந்தது. விரலால் தொட்டால் துரு அடுக்கடுக்காக உதிர்ந்தது. இரும்பு துருப்பிடித்தால் முன்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது என்று அவர்தான் விளக்கினார். மேலே ஏறிப் பார்த்தால் காரணமும் தெரிந்தது. தளத்தில் பதித்த சதுரச் செங்கல் ஓடான தட்டோட்டில் விரிசல், மழைநீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்து, தளத்தில் தண்ணீர் தேங்கி நின்றுகொண்டிருந்தது. பல மழைக்காலமாக அப்படியே நின்றிருக்க வேண்டும்.

அதைச் சரி செய்த முறையையும் சொல்கிறேன், ஏனென்றால் பல இடங்களில் மேலாகச் சிமெண்ட் பூசி மூடிவிடுவார்கள். முதலில் கீழே முட்டுக் கொடுத்தார்கள். பிறகு 'பொத்' என்று கேட்ட இடம் முழுவதையும், கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்குக் கொத்தி எடுத்தார்கள். கம்பியை இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை நீக்கி, துரு தடுக்கும் பூச்சு அடித்தார்கள். மெலிந்துபோன இடத்தில் பக்கத்தில் புதுக் கம்பி கட்டினார்கள். அதன்மேல் பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையை ஒரே தடவையில் அப்பாமல் அடுக்கடுக்காக ஏற்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார்கள். மேலே பழைய தட்டோட்டை எடுத்து, தண்ணீர் ஓடும் சரிவு, அதாவது வாட்டம், சரி பார்த்து மறுபடி பதித்து, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை முழுக்கச் சரிவாகப் பூசினார்கள். கம்பி எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு இன்ஜினீயரையும் கூப்பிட்டேன். அந்தக் கட்டணத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள், அந்தக் கூரையின் கீழ் ஒரு குடும்பம் தூங்கப்போகிறது.

மேற்கூரைக்கு மட்டும் 1,90,000 ரூபாய் ஆனது. மொத்தமே 3 லட்சத்தில் முடிக்க நினைத்தது 5,60,000இல் வந்து நின்றது. வித்தியாசத்துக்கு நகையை அடகு வைத்தேன். பெயின்ட் மறுபடியும் அடித்தேன்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு கொத்தனாரை அரைநாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாருங்கள். கூரையைத் தட்டச் சொல்லுங்கள். சுவரின் அடிப்பகுதியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால் தரையிலிருந்து ஈரம், அதாவது ஓதம், ஏறுகிறது என்று அர்த்தம். அதன்மேல் எந்தப் பெயின்ட் அடித்தாலும் ஒரு வருடத்தில் உரிந்துவிடும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். பழைய ஜி.ஐ. இரும்புக் குழாய் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே துரு அடைத்து நூல்போலத் தண்ணீர் வரும். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போட்டேன்.

அடுத்தது குளியலறை. கீழ்வீட்டுக் கூரை கெடுவது பெரும்பாலும் மேல்வீட்டுக் குளியலறையால்தான். டைல்ஸ் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரத்தை அதன் அடியில் என்ன போகிறது என்பதில் செலவிடுங்கள். தரையில் வாட்டர்புரூஃபிங் பூச்சு முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தண்ணீர் போகும் துளையைச் சாக்குத்துணியால் இறுக அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பினோம். சுவரில் பென்சிலால் கோடு. இரண்டு நாள் அப்படியே விட்டு, காலையும் மாலையும் கீழே போய்க் கூரையில் கை வைத்துப் பார்த்தேன். முதல் தடவை ஒரு மூலையில் லேசாகக் குளிர்ந்தது. குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தில் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை. அங்கே மறுபடி பூசி, மறுபடி இரண்டு நாள் நிரப்பினோம். வேலை நான்கு நாள் தள்ளிப்போனது, மேஸ்திரி முகம் சுளித்தார். ஆனால் இன்றுவரை அந்தக் கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. டைல்ஸ் ஒட்டும்போதும் பக்கத்தில் நின்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது துளைக்குத்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். கலவை காய்ந்த பிறகு வாட்டம் தவறு என்று தெரிந்தால் உடைக்க வேண்டியதுதான்.

கரண்ட் விஷயத்தில் இரண்டு மூன்று சொல்கிறேன். பழைய வீட்டில் மூன்று துளை பிளக் இருக்கும், ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஹீட்டர், ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்று போடச் சொல்லி, கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியரில் விழுவது, ஒன்றையும் போட்டுவிடுங்கள். ஈரக்கையோடு யாராவது சுவிட்சைத் தொடும் வீட்டில் அது உயிரைக் காப்பாற்றும். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் பைப் ஓடும் பாதை முழுவதையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் உதவும்.

இரண்டு போர்ஷன் என்றால் இரண்டு மீட்டர் வேண்டும். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் கூடக்கூட விலையும் ஏறும். இரண்டு குடும்பமும் ஒரே மீட்டரில் ஓட்டினால் இருவருக்குமே கூடுதல் விலை, பில்லைப் பங்கு போடுவதில் ஒவ்வொரு முறையும் மனஸ்தாபம் வேறு. என் கீழ்வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் அந்தச் சண்டையால்தான் காலி செய்தார்கள் என்று அக்கம்பக்கத்தார் பிறகு சொன்னார்கள்.

அழகுக்குச் செய்வதில் வாடகைக்கு வருபவர் எதைப் பார்க்கிறார் என்று யோசியுங்கள். நான் கீழ்வீட்டில் 60,000 ரூபாய்க்கு மாடுலர் கிச்சன் போட்டேன். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பார்ட்டிகிள் போர்டு. தொட்டிக்குக் கீழே இருந்த பலகை இரண்டே வருடத்தில் தண்ணீர் குடித்து உப்பிவிட்டது. மாடியில் கிரானைட் மேடை, கடப்பா கல் அலமாரி, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அவ்வளவுதான். அதில் இன்றுவரை ஒரு பழுதும் இல்லை. வீடு பார்க்க வந்த பெண்கள் கேட்டதெல்லாம் தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும், துணி எங்கே காயப்போடலாம், வண்டி நிறுத்த இடம் உண்டா, சாமி வைக்க இடம் உண்டா என்பதுதான். வயதானவர்கள் இருக்கும் குடும்பம் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டார்கள். இந்தப் பணத்தை இவற்றில் போடுங்கள்.

வேலை ஆட்கள் விஷயத்தில், மொத்தமாகப் பேசி மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். எந்த வேலைக்கு என்ன ரேட், எந்தப் பொருள் யார் வாங்குவது என்று ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலை முடிய முடியக் கொடுத்து, கடைசி பத்து சதவீதத்தை ஒரு மழை பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். அதே சமயம் சனிக்கிழமைக் கூலியை ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். சித்தாளாக வந்த அக்கா ஒருவர் அந்தப் பணத்தில்தான் வாரச் சாமான் வாங்குவார். நான் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் கொடுத்ததால்தான் பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் என் வேலைக்கு முதலில் திரும்பி வந்தார்கள் என்று நம்புகிறேன்.

நாள் கணக்கும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆனி கடைசியில் வேலை முடிந்தால் ஒரு மாத வாடகை சும்மா போகும். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன், மே மாதத்தில் வீடு தயாராக இருந்தால் நல்ல குடும்பமாகப் பார்த்து விடலாம். நான் 2019 மே மாதம் முடித்தேன், பத்து நாளில் இரண்டு போர்ஷனும் போய்விட்டது.

இப்போது உங்கள் தவணைக் கேள்வி. என் கணக்கையே தருகிறேன். வீடு 34 லட்சம். அப்போது முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம்; 3,74,000 ரூபாய். 2023 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்து மொத்தம் 9 ஆகியிருக்கிறது, ஆனால் இந்தக் கட்டணங்களைக் கணக்கிட அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை அப்போது பழையபடி உயர்த்திவிட்டார்கள். புதுப்பிக்க 5,60,000. ஆக 43 லட்சத்துக்கு மேல் போட்டு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து முதலில் வந்த வாடகை 14,000. வருடத்துக்கு 1,68,000, அதாவது நான்கு சதவீதம்கூட இல்லை. 20 லட்சம் கடனுக்கு 15 வருடத் தவணை மாதம் 19,700. குறைந்த 5,700 ரூபாயைச் சம்பளத்திலிருந்துதான் கட்டினேன். நம் ஊரில் வாடகை மட்டும் தவணையைக் கட்டாது என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். அதனால் 12 லட்சத்தையும் முன்பணத்தில் கரைக்காமல், புதுப்பிக்க நினைக்கும் தொகையில் பாதியை எதிர்பாராத செலவுக்கென்று தனியாக ஒதுக்கி வையுங்கள்.

அந்த நெருக்கடியில், மாத வாடகைக்குப் பதில் மொத்தப் பணம் வாங்கிப் போக்கியத்துக்கு விட்டுவிடுங்கள், கையில் மொத்தமாக 5 லட்சம் கிடைக்கும் என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். அது வருமானம் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். அதை எடுத்துச் சுவருக்குள் போட்டுவிட்டால், காலி செய்யும் நாளில் எங்கே போவீர்கள்?

வாடகை ஒப்பந்தத்தை 11 மாதம் என்று முத்திரைத்தாளில் எழுதிப் பெட்டியில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. எந்தப் பழுது யார் பொறுப்பு என்பதையும் அதில் பிரித்திருக்கிறார்கள். வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் வேலை. டேப் வாஷர், சுவிட்ச், கண்ணாடி போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் வேலை. இதைச் சாவி கொடுக்கும் அன்றே படித்துக் காட்டிவிட்டேன், அப்புறம் ஒரு வாக்குவாதமும் வரவில்லை.

வருமான வரியில், வாடகையிலிருந்து சொத்து வரியைக் கழித்த பிறகு 30 சதவீதம் தானாகவே கழிவு கிடைக்கும். நீங்கள் உண்மையில் எவ்வளவு பழுது பார்த்தீர்கள் என்பது அதில் கணக்கில்லை. இருந்தாலும் பெரிய வேலைகளின் பில்களைப் பத்திரமாக வையுங்கள்; விற்கும்போது மேம்பாட்டுச் செலவாகக் காட்ட உதவும். பத்திர விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மூலப் பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அறை கூட்டுவதாக இருந்தாலோ மாடி எழுப்புவதாக இருந்தாலோ கட்டட அனுமதி வாங்க வேண்டும்.

எந்த ஊர், வீடு கட்டி எத்தனை வருடம், தளத்தில் தட்டோடா வெறும் கான்கிரீட்டா என்று கீழே எழுதுங்கள். கூரையைக் கீழிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தால் அதையும் போடுங்கள், எங்கள் மேஸ்திரியிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.