சிசி பக்கம் போங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல சிங்கப்பூர்ல நம்ம வட்டாரத்துல இருக்குற சமூக மன்றத்தை, அதாவது சிசியைப் பத்திதான், அதனால வேற கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு சிசிக்கு மட்டும் இந்தப் பக்கத்தை ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அக்கா, எங்க அம்மாவுக்கு 68 வயசு. அப்பா தவறினதுக்கு அப்புறம் நாள் முழுக்க வீட்டுலதான், டிவி சீரியல், தூக்கம், மறுபடி சீரியல். சிசிக்குப் போங்கம்மான்னு சொன்னா "அங்க எல்லாம் சீனத்துல பேசுவாங்க, எனக்கு அங்க என்ன வேலை"ன்னு கேக்குறாங்க. எப்படி அனுப்புறது? (ஈசூன் வாசகி)

பதில்: அம்மா சொல்றதுல நியாயம் இருக்கும்மா, அதை முதல்ல நீங்க ஒத்துக்கணும். தெரியாத மொழி பேசுற இருபது பேருக்கு நடுவுல போய் உக்காருன்னு சொன்னா எந்த வயசுல இருந்தாலும் யாருக்கும் கால் வராது. அதனால பேச்சே தேவைப்படாத ஒண்ணுல ஆரம்பிங்க. காலையில அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ திறந்த வெளியா இருக்குற வாய்ட் டெக்லயும் சிசி முன்னாடியும் உடற்பயிற்சி செய்யுற குழு கிட்டத்தட்ட எல்லா குடியிருப்புப் பேட்டையிலயும் இருக்கு, முன்னாடி நிக்கிறவங்க கையத் தூக்கினா நாமளும் தூக்கணும், அவ்வளவுதான். ரெண்டு வாரம் போனா "குட் மார்னிங் ஆன்ட்டி" வரும், அப்புறம் ஒருநாள் வரலைன்னா நேத்து எங்க போனீங்கன்னு யாராவது கேப்பாங்க, அந்தக் கேள்விதான் உங்க அம்மாவுக்கு இப்ப வேணும்னு எனக்குத் தோணுது. இன்னொண்ணு, அம்மா இங்கேயே வளர்ந்தவங்கன்னா சந்தையில பேசுற பாசார் மலாய் கண்டிப்பா வரும், அந்த வயசு சீன ஆன்ட்டிங்களுக்கும் வரும், அதை வெச்சே ஊர்க்கதை எல்லாம் பேசி முடிச்சிடுவாங்க, நான் பாத்திருக்கேன்.

அம்மாவுக்கு 60 தாண்டிடுச்சு இல்லையா, அப்ப சிசி மட்டும் இல்ல, உங்க புளோக் பக்கத்துல முதியவங்களுக்குன்னு இருக்குற ஆக்டிவ் ஏஜிங் சென்டருக்கும் போகலாம். உடற்பயிற்சி, கைவேலை, ரத்த அழுத்தம் பாக்குறது, சில இடத்துல சேந்து சாப்புடுறதுன்னு வாரநாள்லயே நடக்கும். எது பக்கத்துல இருக்குன்னு தெரியலைன்னா ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்போட 1800-650-6060 நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க.

ஆனா ஒண்ணு, "போங்கம்மா"ன்னு வாசல்ல நின்னு சொன்னா போகமாட்டாங்க. முதல் சில தடவை நீங்க லீவு போட்டாவது கூட போங்க. தீபாவளி நிகழ்ச்சிக்கு முதல்ல கூட்டிட்டுப் போயிடாதீங்க, அங்க நானூறு பேர் இருப்பாங்க, ஒருத்தர் பேரும் தெரியாமத் திரும்பி வருவாங்க. பத்துப் பதினஞ்சு பேர் வாராவாரம் அதே நேரத்துல கூடுற இடமாப் பாருங்க.

கேள்வி: கோலம் வகுப்புக்குப் பணம் கட்டினேன், ஆள் சேரலைன்னு ரத்து பண்ணிட்டாங்க. அடுத்து பெரியவங்களுக்கான வீணை வகுப்பு, அதுவும் ரத்து. நம்ம ஆளுங்களுக்குன்னு வெச்சாலே இப்படித்தானா? (செங்காங் வாசகி)

பதில்: இந்தக் கேள்வியைப் படிச்சதும் எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா இது நான் ரொம்ப நாளா பாத்துட்டு இருக்குற விஷயம். வகுப்பு எப்படி ஓடுதுன்னு முதல்ல சொல்லிடுறேன். ஆசிரியருக்குச் சம்பளம் இருக்கு, அறை இருக்கு, அதனால ஒவ்வொரு வகுப்புக்கும் குறைஞ்சது இத்தனை பேர்னு ஒரு கணக்கு வெச்சிருப்பாங்க, தொடங்குற தேதிக்குக் கொஞ்சம் முன்னாடி பதிவைப் பாப்பாங்க, அந்த எண்ணிக்கை வரலைன்னா நிறுத்திட்டு கட்டினவங்களுக்குப் பணத்தைத் திருப்பிடுவாங்க.

இதுல நம்ம ஆளுங்க பழக்கம் என்னன்னா, வாட்ஸ்அப்ல போஸ்டர் வரும், நாப்பது பேர் கும்பிடு போடுவாங்க, "சூப்பர், கண்டிப்பா வரேன்"னு பதினஞ்சு பேர் எழுதுவாங்க, ஆனா பதிவுல நாலு பேர்தான் இருப்பாங்க. மத்தவங்க எல்லாம் முதல் நாள் நேர்ல போய்க்கலாம்னு நினைச்சிட்டு இருப்பாங்க, அந்த முதல் நாள் வரவே வராது. ஆசை இருந்துச்சு, ஆள் இருந்துச்சு, பேர் மட்டும் அந்தத் தேதிக்குள்ள விழல. ஆசிரியர் அந்த மாலையை வேற எங்கேயோ குடுத்துடுவாங்க, அடுத்த தடவை அந்த வகுப்பைப் போடலாமான்னு பேச்சு வரும்போது போன தடவை நாலு பேர்ங்கிற கணக்குதான் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

அதனால நீங்க அடுத்த தடவை தனியா பதிவு பண்ணாதீங்க. சிசிகளை நடத்துற மக்கள் கழகத்தோட ஒன்பிஏ ஆப்ல வகுப்பு வந்த அன்னிக்கே தெரிஞ்ச மூணு பேரைப் பிடிச்சு அன்னிக்கே பணம் கட்ட வைங்க. மக்கள் கழக உறுப்பினர் அட்டையான பேஷன் கார்டு இருந்தா பெரும்பாலும் உறுப்பினர் கட்டணம் குறைவா இருக்கும், அதையும் பாத்துக்கோங்க. இல்ல, எட்டுப் பத்து பேர் ஏற்கெனவே சேந்து இருக்கீங்கன்னா வகுப்புக்காக ஏன் காத்திருக்கணும், சிசி கவுன்டர்ல போய் ஆர்வக் குழுவா சேந்து பழக வழி இருக்கான்னு கேளுங்க. பூப்பந்து, லைன் டான்ஸ், புகைப்படம் எல்லாத்துக்கும் அப்படிக் குழு இருக்கு, கோலத்துக்கு ஏன் இருக்கக்கூடாது?

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் எங்க வட்டாரத்துல தீபாவளி நிகழ்ச்சி அதே மாதிரிதான். பேச்சு, சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், அதிர்ஷ்டக் குலுக்கு, பிரியாணி. புதுசா யோசிக்கவே மாட்டாங்களா? (புக்கிட் பாஞ்சாங் வாசகர்)

பதில்: உங்க சலிப்பு புரியுது தம்பி. ஆனா அதை யார் செய்யுறாங்கன்னு நினைக்கிறீங்க? சிசிக்குள்ள இயங்குற இந்தியர் நற்பணிச் செயற்குழுதான் செய்யுது. அதுல இருக்குறவங்க எல்லாரும் தொண்டூழியர்கள், பகல்ல ஆபீஸ் வேலை, ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம், நிகழ்ச்சி முடிஞ்சதும் நாற்காலி அடுக்குறதும் அவங்கதான். மக்கள் கழகத்துக்குக் கீழ இப்படி இருக்குற குழுக்களை எல்லாம் ஒருங்கிணைக்கிறது நற்பணிப் பேரவை. கை குறைவா இருக்குற குழு போன வருஷம் நல்லா நடந்ததைத்தான் இந்த வருஷமும் செய்யும், அதுல தப்பு சொல்ல எனக்கு வாய் வரல.

அதே சமயம் நீங்க சொல்றதுலயும் உண்மை இருக்கு. என் கருத்து என்னன்னா, ஒரு பெரிய ராத்திரிக்குப் போற உழைப்புல பாதியை எடுத்து வருஷம் முழுக்கச் சின்னச் சின்னதா செலவழிக்கணும். மாசம் ஒரு சாயங்காலம் பிள்ளைங்களுக்குப் பல்லாங்குழியும் தாயமும், இன்னொரு மாசம் பாட்டிங்க முறுக்கு சுட்டுக் காட்டுறது, இன்னொண்ணுல சிலம்பம். இதுக்கு மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். பொங்கலுக்கு சிசி வாசல்ல பானை வெச்சா மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாம் தானா வந்து நின்னு பால் பொங்குறதைப் பாப்பாங்க, என்ன ஏதுன்னு கேப்பாங்க, நம்ம பிள்ளைங்க பதில் சொல்லணும்னா அவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கணும் இல்லையா. ஏப்ரல்ல வளர்தமிழ் இயக்கம் ஆதரவோட தமிழ்மொழி விழா நடக்குது, அப்ப வர்ற யோசனைங்க மே மாசமானதும் ஏன் நின்னுடணும்?

உங்ககிட்ட யோசனை இருக்கு, குழுகிட்ட ஆள் இல்ல. கவுன்டர்ல போய் நற்பணிச் செயற்குழுத் தலைவரைப் பாக்கணும்னு சொல்லுங்க. ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் உதவுறேன்னு சொன்னாலும் போதும், உறுப்பினராத்தான் ஆகணும்னு இல்ல.

கேள்வி: அரசாங்கம் குடும்பங்களுக்குக் குடுக்குற சிடிசி பற்றுச்சீட்டை சிசி வகுப்புக்குப் பயன்படுத்தலாமா? பயிற்சிக்குக் குடுக்குற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் காசு? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: சிடிசி பற்றுச்சீட்டு உணவங்காடி, பேட்டைக் கடை, சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளி (டாலர்) 25 வயசும் அதுக்கு மேலயும் ஆன சிட்டிசன்களுக்கு உண்டு, ஆனா அங்கீகாரம் கிடைச்ச பயிற்சிக்கு மட்டும்தான், பொழுதுபோக்குக்கு நடனம் கத்துக்க அதை நம்பாதீங்க. கல்ச்சர் பாஸ் 100 வெள்ளியை மறந்துடாதீங்க, 2025-ல 18 வயசும் அதுக்கு மேலயும் ஆன எல்லா சிட்டிசனுக்கும் குடுத்திருக்காங்க, தகுதியுள்ள உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கு 2028 டிசம்பர் 31 வரைக்கும் செல்லும்.

கேள்வி: நான் சின்னப் பையனா இருந்தப்ப சிசிலதான் டிவி பாத்தோம்னு சொன்னா பேரன் சிரிக்கிறான். நீங்களாவது எழுதுங்க. (குவீன்ஸ்டவுன் தாத்தா)

பதில்: பேரன்கிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டுங்க ஐயா. மக்கள் கழகம் 1960 ஜூலை 1-ந் தேதி அமைஞ்சது. சிங்கப்பூர்ல தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15-ந் தேதி ஆரம்பிச்சது, அப்ப வீட்டுல டிவி வாங்குறது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது, அதனால சாயங்காலமானா சமூக நிலையத்துலதான் கூட்டம். அப்ப அதுக்குப் பேரே சமூக நிலையம்தான், மன்றங்கிற பேர் 1990-கள்ல வந்தது. மேசைப்பந்தும் தையல் வகுப்பும் அங்கதான். 1974-ல மேற்கு ஜெர்மனியும் நெதர்லாந்தும் மோதின உலகக் கிண்ண இறுதியாட்டம் இங்க கலர்ல நேரடியா வந்துச்சு, அதை நீங்க எங்க பாத்தீங்கன்னு எனக்கு எழுதுங்க ஐயா, அடுத்த இதழ்ல போடுறேன். ஒரு தமிழ்ப் பையனும் ஒரு சீனப் பையனும் ஒரே பெஞ்சுல உக்காந்து ஒரே கோலுக்குக் கத்தின அனுபவம் உங்க தலைமுறைக்குக் கிடைச்சிருக்கு, அதை எழுதி வைக்க வேண்டாமா?

கேள்வி: என் தம்பி கட்டுமான வேலைக்கு வந்திருக்கான், ஞாயிற்றுக்கிழமை ரூம்லேயே படுத்துக் கிடக்குறான். அவன் சிசிக்குப் போகலாமா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: தாராளமா. பொதுவா எல்லாரும் வரலாம்னு வைக்கிற விழாவுக்குப் போறதுக்கு அவன் யாருகிட்டயும் கூச்சப்பட வேண்டியதில்ல, பதிவு தேவைன்னா மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க. அது இல்லாம வெளிநாட்டு ஊழியர்களுக்குன்னே சூன் லீ, பெஞ்சூரு, கிராஞ்சி மாதிரி இடங்கள்ல பொழுதுபோக்கு நிலையங்கள் இருக்கு, கடைகளும் விளையாட்டு இடமும் உண்டு, உங்களுக்கு சூன் லீ பக்கம். நற்பணிச் செயற்குழுவில் இருக்குறவங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள், பொங்கலுக்கு அழைப்பு அனுப்பும்போது பக்கத்துல இருக்குற தங்கும்விடுதிக்கும் ஒண்ணு அனுப்புங்க. உறுமி அடிக்கத் தெரிஞ்சவனும் ஒயிலாட்டம் ஆடத் தெரிஞ்சவனும் அங்க இருப்பான், நாம காசு குடுத்து வெளிய தேடிட்டு இருப்போம்.

கேள்வி: எங்க புளோக் கீழ பொங்கலுக்குப் பெரிய கோலம் போடலாமா, யார்கிட்ட கேக்கணும்? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: போடுங்க, ஆசையா இருக்கு கேக்கவே. வாய்ட் டெக் நகர மன்றத்தோட பொறுப்புல இருக்கு, அதனால அவங்ககிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்குங்க. உங்க குடியிருப்பாளர் குழு மூலமாப் போனா சுலபம், மேசை நாற்காலியும் கிடைக்கும். அரிசி மாவு போட்டா புறா வரும், புறாவுக்குத் தீனி போடுறது சட்டப்படி தப்பு, அதனால கல்லுப்பொடியோ கலர்ப்பொடியோ எடுத்துக்கோங்க. நடைபாதையில வேண்டாம், சக்கர நாற்காலி போற வழியை விட்டுடுங்க, ஈரம் பட்டா தரை வழுக்கும்.

எவ்வளவு பெருசாப் போடலாம்னும் கேட்டிருந்தீங்க. 2003-ல வாம்போ சமூக மன்றத்துல விஜயா மோகன் 2,756 சதுர அடியில ரங்கோலி போட்டு கின்னஸ் சாதனை பண்ணினாங்க. நீங்க முதல் வருஷம் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவுல இருக்குற இடத்தை எடுத்துக்கோங்க, மேல மாடியில இருக்குற சீனப் பிள்ளைங்க கையிலயும் ஒரு டப்பா கலர்ப்பொடி குடுங்க, முடிச்சதும் கழுவி விடுறதுக்கு ரெண்டு ஆளை முன்னாடியே பேசி வைங்க.