இயேசுவும் மித்ராவும் – கடிதம்

வணக்கம் ஐயா,

இயேசு என்று ஒருவர் வாழவே இல்லை, மித்ரா என்ற பழைய தெய்வத்தின் கதையைத்தான் ரோமானியர்கள் பெயர் மாற்றிக்கொண்டார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். கன்னிப் பிறப்பு, டிசம்பர் 25 எல்லாம் பொருந்துகிறதே. உங்கள் கருத்து என்ன?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பொருந்தவில்லை. ரோமானியச் சிற்பங்களில் மித்ரா பாறையிலிருந்து வெளிவருகிறார். அங்கே கன்னித்தாய் யாரும் இல்லை. டிசம்பர் 25 எந்த நற்செய்தி நூலிலும் இல்லை. அந்தத் தேதிக்கு நமக்குக் கிடைக்கும் உறுதியான சான்று நான்காம் நூற்றாண்டு ரோமிலிருந்து வருகிறது. அது பண்டிகையின் வரலாறு. நாசரேத்துக்காரரின் வரலாறு வேறு.

அதற்குத் தொடக்ககாலக் கிறிஸ்தவத் தலைவரான பவுலிடம் செல்லுங்கள். சிலுவை மரணத்துக்குப் பின் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், எருசலேமில் இயேசுவின் சீடர் பேதுருவுடன் பதினைந்து நாள் தங்கியதையும், ‘கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபை’க் கண்டதையும் சொல்கிறார். அந்த யாக்கோபிடமிருந்து வந்தவர்களால் அந்தியோக்கியாவில் யாருடன் பந்தியில் உட்காருவது என்று பெரிய தகராறே நடக்கிறது. பவுல் பேதுருவை நேருக்கு நேர் கண்டிக்கிறார். கற்பனைப் பாத்திரத்தின் உடன்பிறந்தவரால் இப்படிக் குடும்பச் சண்டை வராது. கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸும் இதே யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட்டதை எழுதுகிறார். அது நடந்தது கி.பி. 62இல். கிறிஸ்தவர்களை வெறுத்த ரோமானியர் டாசிட்டஸ், ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்துவுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறார்.

இயேசுவின் ஊற்று கலிலேயாவின் யூத வாழ்வில்தான் இருக்கிறது. நற்செய்தியில் நோயுற்ற பெண் தொட்ட அவருடைய ஆடையின் ஓரத்தைப் பாருங்கள். ஆடையின் ஓரங்களில் தொங்கல்கள் கட்ட வேண்டும், அவற்றில் நீல நாடா சேர்க்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அதைக் கடைப்பிடித்த ஒருவரைத்தான் அந்தப் பெண் தொடுகிறாள். ‘ஓய்வுநாளில் ஆடு குழியில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா?’ என்று அவர் கேட்பதும் வெறும் உவமை அல்ல. பழைய யூதச் சுவடிகளான சாக்கடல் சுருள்களோடு தொடர்புடைய தமஸ்கு ஆவணம், ஓய்வுநாளில் குழியில் விழுந்த விலங்கைத் தூக்கக்கூடாது என்றே விதிக்கிறது. அன்றைய யூதர்கள் தங்களுக்குள் சூடாக விவாதித்த கேள்வி அது. அந்த விவாதத்தில் அவர் இரக்கத்தின் பக்கம் நிற்கிறார். மித்ராவின் குகைக் கோயில்களில் இதற்கு வேலையே இல்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1939இல் நாஜி ஜெர்மனியின் ஐசனாக் நகரில் இறையியலாளர்கள் சிலர் ஒரு நிறுவனமே தொடங்கி, இயேசு யூதரல்ல என்று ‘நிரூபிக்க’ முனைந்தார்கள். யூதத் தடயங்களை நீக்கிப் புதிய ஏற்பாட்டையும் பாடல் புத்தகத்தையும் அச்சிட்டார்கள். தேவாலயங்களில் மக்கள் அவற்றைப் பாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் அவருடைய இனத்தாரான யூதர்கள் மரண முகாம்களுக்கு ரயில்களில் ஏற்றப்பட்டார்கள்.