எஃப்.ஐ.ஆரில் பெயர் இருக்கிறது. வேலைக்கான படிவத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: தெருச் சண்டை ஒன்றில் என் தம்பி பெயரையும் சேர்த்துப் போன ஆண்டு வழக்குப் போட்டார்கள். ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுத்தார்கள். போனான், விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது கோர்ட்டில் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சம்மன் வந்திருக்கிறது. அதில் 'எதிரி-2' என்று போட்டிருப்பதைப் பார்த்து அம்மா அழுகிறார். இதற்கிடையே அவனுக்கு மத்திய அரசு வேலை கிடைத்திருக்கிறது. சரிபார்ப்புப் படிவத்தில் கைது, வழக்கு, தண்டனை என்று வரிசையாகக் கேட்கிறார்கள். அவன்தான் குற்றவாளி இல்லையே, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிடலாமா?

பதில்: போட வேண்டாம். தம்பி குற்றவாளி இல்லை என்பது சரி. ஆனால் படிவம் அதை மட்டும் கேட்கவில்லை. வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேட்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அதைப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும்.

முதலில் அம்மாவைத் தேற்றுங்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களிலும் கோர்ட்டுகளிலும் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றுதான் எழுதுவார்கள். தீர்ப்பு வரும்வரை அவர் எதிரி மட்டுமே. எஃப்.ஐ.ஆரின் 7-வது பத்தியைப் பாருங்கள்: தெரிந்தவர், சந்தேகத்துக்குரியவர், அடையாளம் தெரியாதவர் எல்லோரையும் அந்த ஒரே இடத்தில்தான் எழுதுகிறார்கள். அங்கே பெயர் இருப்பதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. கைதான மறுநாளே 'குற்றவாளி சிக்கினார்' என்று செய்தி போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மதிப்பதில்லை. நீங்களாவது மதியுங்கள்.

இனி படிவத்துக்கு வருவோம். 'கைது செய்யப்பட்டீர்களா?' என்ற கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். உங்கள் தம்பிக்கு வந்தது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 35(3) பிரிவு நோட்டீஸாக இருக்கும். கைது தேவையில்லை என்று போலீஸ் கருதும்போது, விசாரணைக்கு வரச்சொல்லிக் கொடுப்பது அது. அதன்படி போய்வந்தது கைது ஆகாது. ஆனால் 'ஸ்டேஷன் பெயிலில் வந்துட்டான்' என்று யாராவது சொன்னார்களா? அப்படியென்றால் கதை வேறு. கைதுக் குறிப்பு என்று ஒரு தாள் போட்டு, சாட்சியோடு அவனிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால், ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்திருந்தாலும் அது கைதுதான். தம்பியிடம் எதில் கையெழுத்துப் போட்டான் என்று தெளிவாகக் கேளுங்கள்.

வழக்குத் தொடரப்பட்டதா, கோர்ட்டில் நிலுவையில் உள்ளதா என்ற இரண்டுக்கும் 'ஆம்'. 'தண்டனை பெற்றீர்களா?' என்பதற்கு 'இல்லை'. அடைத்து வைக்கப்பட்டதாகவும் அவன் எழுத வேண்டியதில்லை. ரிமாண்டில் போய் வழக்கு முடியாமல் உள்ளே இருப்பவர் விசாரணைக் கைதி, தீர்ப்புக்குப் பின் இருப்பவர் தண்டனைக் கைதி. குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர் தடுப்புக் காவல் கைதி. அது கோர்ட் தீர்ப்பால் வருவதல்ல, நிர்வாக உத்தரவால் வருவது. தம்பி இந்த மூன்றிலும் சேரமாட்டான்.

இன்னொன்று. 'கோர்ட்டுக்குப் போய் ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா கேஸ் முடிஞ்சிடும்' என்று யாராவது யோசனை சொல்வார்கள். சின்ன வழக்குகளில் நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அதுவும் தண்டனைதான். அதன் பிறகு அவன் சட்டப்படி குற்றவாளி. அபராதம் பற்றி மத்திய அரசுப் படிவத்தில் தனிக் கேள்வியே உண்டு. வக்கீலிடம் பேசாமல் அந்த முடிவுக்குப் போகாதீர்கள்.

உண்மையை எழுதினால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. உண்மையைச் சொன்னவரை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேலை தருபவருக்கு இல்லை; ஆனால் நிலுவையில் உள்ளது அற்பமான வழக்கு என்றால், தன் விருப்புரிமைப்படி அவரை எடுத்துக்கொள்ளலாம். மறைத்தவருக்கு நிலைமை இன்னும் மோசம். போலீஸ் சரிபார்ப்பில் வழக்கு வெளியே வந்துவிட்டால், மறைத்ததே தனிக் காரணமாகிவிடும்.

படிவத்தோடு ஒரு தாள் இணைத்து இவ்வளவு மட்டும் எழுதச் சொல்லுங்கள்: காவல் நிலையம், குற்ற எண், சட்டப் பிரிவுகள், கோர்ட்டின் பெயர், வழக்கு எண். பிறகு, 'இவ்வழக்கில் நான் இரண்டாம் எதிரி. கைது செய்யப்படவில்லை. வழக்கு நிலுவையில் உள்ளது.' யார் முதலில் அடித்தார், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அங்கே வேண்டாம். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை நகல்களையும் வையுங்கள். படிவம் கொடுத்த பிறகு வழக்கில் ஏதாவது மாறினால், விடுதலையே கிடைத்தாலும், தீர்ப்பு நகலோடு அதையும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.